நீல மையில் ஒரு வரி

— அனுப்பிட்டீங்களா அண்ணி?

— இல்ல. நீ தட்டின தட்டுல கை அப்படியே நின்னுடுச்சு. கதவு என்ன பாவம் பண்ணுச்சு?

— சாரி அண்ணி. டீ கொண்டு வந்தேன்…

— நீயா? எனக்கா? இந்த ரேடியோ டெலஸ்கோப் ஸ்டேஷன்ல வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷத்துல இதான் முதல் தடவை. இன்னைக்கு மழை நிச்சயம்.

— மழை இல்ல, காத்துதான். மணிக்கு எழுபது கிலோமீட்டர் காட்டுது. ஆறு டிஷ்ஷையும் நேரா மேல பாக்க வெச்சுப் பூட்டிட்டேன். சாயங்காலம் வரைக்கும் எனக்கு வேலை இல்ல. அதான்…

— அதான் கொழுந்தனாருக்கு அண்ணி ஞாபகம் வந்துதாக்கும். உட்காரு. அதுல வேணாம், அந்த நாற்காலிக்கு ஒரு கால் நொண்டி. இந்தப் புத்தகத்தையெல்லாம் கீழ வெச்சுட்டு இதுல உட்காரு. கக்கத்துல என்ன இடுக்கி வெச்சிருக்கே?

— லாக் புக்.

— மெஷின்ல பண்றதையெல்லாம் எழுதற நோட்டு, அது கண்ட்ரோல் ரூமை விட்டு நகரக் கூடாதே. அதுல கட்டின பேனா வேற தொங்கிட்டு வருது பாரு, கயித்தை அறுத்துட்டு வந்த கன்னுக்குட்டி மாதிரி.

— மறந்து போய் எடுத்துட்டு வந்துட்டேன்.

— ம்… மறந்து போய்.

— மணி என்ன அண்ணி?

— ரெண்டே கால். ஏன்?

— நாலு மணிக்குள்ள அனுப்பணும்னு அண்ணன் சொன்னாரு.

— உங்கண்ணன் ஊரெல்லாம் தமுக்கு அடிச்சாச்சா? ஆமா. நாலு மணிக்குள்ள ‘எல்லாம் சரியா இருக்கு, அச்சுக்குப் போகலாம்’னு இந்தப் பட்டனை அமுக்கணும். அமுக்கிட்டா அடுத்த மாச ஆராய்ச்சிப் பத்திரிகையில என் பேப்பர்.

— ப்ரூஃப் வந்து ரொம்ப நாளாச்சு இல்ல?

— ரெண்டு தடவை நாள் தள்ளிக் கேட்டு வாங்கினேன். கமா, புள்ளி எல்லாம் பாக்க வேண்டாமா?

— பாத்துட்டீங்களா?

— கண்ணு பூத்துப் போற வரைக்கும் பாத்துட்டேன்… நீ மதியம் சாப்பிட்டியா இல்லையா? மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?

— பசிக்கல.

— உனக்கா? கேண்டீன்காரர் உனக்குன்னு தனிப் பாத்திரமே வெச்சிருக்காரே.

— அண்ணி… ஒண்ணு கேக்கட்டுமா? அந்தப் பேப்பர்ல என்ன இருக்குன்னு எனக்கு ஒரு தடவை சொல்லுங்களேன். முதல்லேர்ந்து.

— அந்த டேட்டா எடுத்த நாலு நாளும் ரிசீவர் பக்கத்துலேயே கிடந்தவன் நீ. உனக்கா தெரியாது?

— எனக்கு மெஷின் தெரியும். மேல என்ன நடக்குதுன்னு தெரியாது. உங்க கிராஃபைக் காரிடார் போர்டுல ஒட்டியிருக்காங்க, தினம் அதைத் தாண்டித்தான் போறேன். நடுவுல ஒரு கோடு. கோட்டுக்கு வலப்பக்கம் ஒரு மேடு. அவ்வளவுதான் தெரியுது.

— அந்த மேடுதான்டா என் பதினொரு வருஷம்.

— அதான் கேக்கறேன்.

— சரி. நாளைக்கு என் வேலையை முடிவு பண்ற கமிட்டி முன்னாடி பேசித்தானே ஆகணும். நீதான் கமிட்டி. கையைக் கட்டிக்கிட்டு உட்காரு. பாதியில தூங்கு. திடீர்னு முழிச்சு, சம்பந்தா சம்பந்தமில்லாம ஒரு கேள்வி கேளு.

— தூங்க மாட்டேன் அண்ணி.

— அப்போ நீ கமிட்டிக்கு லாயக்கில்ல… சரி, கேளு. நம்ம சாய்ஞ்ச தட்டு.

— நம்பர் போட்ட கேலக்ஸிதானே? நீங்க வெச்ச பேரு.

— நம்பரைச் சொன்னா யாருக்கு மனசுல நிக்கும்? ஒரு தட்டைச் சாய்ச்சுப் பிடிச்ச மாதிரி தெரியும், அதான். அதோட நட்டநடுவுல ஒரு பிரகாசமான இடம். கண்ணுக்கு இல்ல, கண்ணுக்கு அங்க தூசிதான் தெரியும். ரேடியோவுக்குப் பிரகாசம். அதுக்கு முன்னாடி, நமக்கும் அதுக்கும் நடுவுல, கொஞ்சம் வாயு நிக்குது.

— அயனி வாயு.

— பரவாயில்ல, போர்டுல படிச்சிருக்கே. ஹைட்ரஜன்தான். ஆனா அங்க அடிக்கிற சூட்டுல எலக்ட்ரான் பிச்சுக்கிட்டு ஓடிப் போயிருக்கும். ஓடினது எப்பவாவது திரும்பி வந்து ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டுப் படிப்படியா கீழ இறங்கும். ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒரு ரேடியோ அலை விடும். எந்தப் படிக்கு எந்த அலைவரிசைன்னு நமக்கு முன்னாடியே தெரியும். அதான் அந்த நடுக்கோடு.

— வாயு அசையாம நின்னா மேடு கோட்டு மேலேயே இருக்கும்.

— ஆமா. கேலக்ஸி மொத்தமா ஓடுற ஓட்டத்தை முதல்லேயே கழிச்சாச்சு. அதுக்கு மேல வாயு நம்ம பக்கமா வந்தா அலைவரிசை ஏறும், மேடு வலப்பக்கம் போகும். நம்மை விட்டு விலகினா இறங்கும், இடப்பக்கம் போகும். பஸ் ஹாரன் கதைதான்.

— நமக்கு வலப்பக்கம் வந்துச்சு.

— வலப்பக்கம், விநாடிக்கு நூத்து நாப்பது கிலோமீட்டர். அப்போ வாயு நம்மைப் பாத்து வருது. அது நிக்கிறதோ மையத்துக்கு இந்தப் பக்கம். மையத்துக்கு இந்தப் பக்கம் இருந்துக்கிட்டு நம்மைப் பாத்து வந்தா…

— மையத்தை விட்டு வெளிய போகுதுன்னு அர்த்தம்.

— அதேதான். மையம் வாயுவை வெளிய தள்ளுது. இதான் தலைப்பு.

— ஒருவேளை… மேடு இடப்பக்கம் வந்திருந்தா?

— …வந்திருந்தா, வாயு உள்ள விழுதுன்னு அர்த்தம்.

— அது சின்ன வித்தியாசமா, பெரிய வித்தியாசமா?

— வீட்டுக்காரன் வாசல்ல நிக்கிறவனை உள்ள கூப்பிடறதுக்கும் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்றதுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு. டீ ஆறுது, நீயும் குடி.

— எனக்கு வேணாம். அண்ணி, உள்ள விழுதுன்னு சொன்னாலும் அது ஒரு பேப்பர்தானே?

— பேப்பர்தான். ஏற்கெனவே ரெண்டு குரூப் மத்த கேலக்ஸியில அதைச் சொல்லியாச்சு. நாம மூணாவது ஆளாப் போய், ‘ஆமாங்க, எங்க வீட்லயும் அப்படித்தான்’னு சொல்லணும். அதுக்குக் கமிட்டி எழுந்து நிக்காது. சரி, இன்னும் பாதி இருக்கு. தூங்காதே.

— என்ன பாதி?

— அந்த மையத்தைச் சுத்தி ஒரு வளையம் இருக்கு, அதுவும் அயனி வாயு. அது எந்தப் பக்கமா சுத்துதுன்னும் பாத்தோம். வெளியில தட்டு முழுக்க ஒரு திசையில சுத்துது. இது இருபது வருஷமா எல்லாரும் அளந்து வெச்சது. ஆனா நம்ம உள் வளையம்…

— எதிர்த்திசையில சுத்துது.

— போர்டுல இதுவும் போட்டிருக்கா?

— போட்டிருக்கு. அது எப்படி அண்ணி, வெளிய ஒரு பக்கம், உள்ள ஒரு பக்கம்?

— அதுக்குத்தான் பேப்பர்ல ஏழு பக்கம் எழுதியிருக்கேன். எப்பவோ ஒரு சின்ன கேலக்ஸி எதிர்ப்பக்கத்துலேர்ந்து வந்திருக்கணும். சாய்ஞ்ச தட்டு அதை முழுங்கியிருக்கணும். முழுங்கினதோட மிச்சம்தான் உள்ள எதிர்த்திசையில சுத்துது. அதான் மையத்தையே கிளறிவிட்டு வாயுவை வெளிய தள்ள வைக்குது. எல்லாம் சங்கிலி கோத்த மாதிரி பொருந்திப் போச்சு. பேப்பரைப் பரிசீலனை பண்ணின ஆளு என்ன எழுதினாரு தெரியுமா? ‘துணிச்சலான, அழகான விளக்கம்.’ அழகான. நான் அந்த வார்த்தையைப் பத்து தடவை படிச்சேன்.

— …

— என்ன, கமிட்டி தூங்கிடுச்சா?

— இல்ல. அண்ணி, எல்லாமே எதிர்ப்பக்கமா வருதே, அது உங்களுக்கு… ஒரு மாதிரி படலையா?

— எது?

— வாயு வெளிய வருது. வளையம் எதிர்ப்பக்கம் சுத்துது. ரெண்டுமே… அதாவது, கிராஃபை அப்படியே இடம் வலம் திருப்பிப் போட்டா, வளையம் எல்லாத்தோடவும் சேர்ந்து ஒழுங்காச் சுத்தும். வாயு உள்ள விழும். முழுங்கின கேலக்ஸி தேவையே இல்ல.

— யாரும் கிராஃபைத் திருப்பிப் போடலையே.

— இல்ல, ஒரு பேச்சுக்கு…

— ஒரு பேச்சுக்குன்னா வேற பேச்சு பேசு. போய் காத்து எவ்வளவுன்னு பாத்துட்டு வா. இரு, போன். …சொல்லுங்க. இல்ல, இன்னும் அனுப்பல… அனுப்பிடுவேன்… ஆமா, உங்க தம்பி இங்கதான் உட்கார்ந்திருக்கான். டீ கொண்டு வந்தான்… அட, நிஜமாத்தான்… ஏங்க அவனை எப்பப் பாத்தாலும் அப்படிச் சொல்றீங்க? நல்லாத்தான் வேலை பாக்கறான்… சாயங்காலமா? எத்தனை பேருக்கு இடம் சொல்லியிருக்கீங்க?… எட்டு பேரா? எதுக்கு இப்பவே… சரி. சரி, வெச்சுடறேன்.

— அண்ணன் என்ன சொன்னாரு?

— சாயங்காலம் வெளிய சாப்பிடப் போறோமாம். உன்னையும் சேர்த்து எட்டு பேர்.

— என்னைப் பத்தி என்ன சொன்னாரு?

— டீ டம்ளரை உடைச்சானான்னு கேட்டாரு. விடு, அவருக்கு நாக்குல சனி.

— உடைக்கிறவன்தானே நான். பல்பு மாத்தச் சொன்னா ஃபியூஸைப் பிடுங்கறவன்னு என் கல்யாணப் பேச்சுலேயே சொன்னவரு அவரு.

— ஃபியூஸைப் பிடுங்கினப்போ உனக்குப் பத்தொன்பது வயசு. இப்போ ஆறு டிஷ் உன் கையில இருக்கு. அடுத்த மாசம் உன்னை நிரந்தரமாக்கறாங்க. அதுக்கப்புறம் அவரால ஒரு வார்த்தை சொல்ல முடியாது. நானே சொல்ல விட மாட்டேன்.

— அதுக்குள்ள சொல்லிடணும் அண்ணி.

— என்ன சொல்லணும்?

— அந்த நாலு நாளும்… உங்க கேலக்ஸியைப் பாத்த நாலு நாளும்… ஆறு டிஷ்ஷோட சிக்னல்லயும் அலை கலந்து விடற பொது ஆஸிலேட்டர் ஓடல. முதல் நாள் காலையில அது செத்துப் போச்சு. ஸ்பேரைத்தான் மாட்டியிருந்தேன். ஸ்பேர் வேற டைப். பழசு நம்ம அலைவரிசைக்குக் கீழ உட்காரும், ஸ்பேர் மேல உட்காரும். மேல உட்கார்ந்தா கலந்து வர்ற சிக்னல் தலைகீழா வரும். க்யூவை அப்படியே திரும்பி நிக்கச் சொன்னா கடைசி ஆள் முதல் ஆள் ஆவானே, அப்படி. நடுவுல நிக்கிறவன் மட்டும் நடுவுலேயே நிப்பான். நடுவை நான் சரியா டியூன் பண்ணிட்டேன், அதான் யாருக்கும் சந்தேகம் வரல. ஃபைல்ல ஒரு கூட்டல் குறியைக் கழித்தல் ஆக்கியிருக்கணும். அவ்வளவுதான். ஒரே ஒரு குறி.

— நாலு நாளுமா?

— நாலு நாளும். அஞ்சாம் நாள் பழசைச் சரி பண்ணி மாட்டிட்டேன். நேத்து ஸ்டோர்ல சரக்குக் கணக்கு எடுத்தேன். ஸ்பேர் பெட்டியில ஒரு சீட்டு கட்டியிருப்போம் இல்ல, வெளிய எடுத்த தேதி, உள்ள வெச்ச தேதி… அதைப் படிச்சேன். என் கையெழுத்து. அந்தத் தேதியை எங்கேயோ பாத்திருக்கேனேன்னு யோசிச்சேன். காரிடார்ல, உங்க கிராஃபுக்குக் கீழ.

— அந்தச் சீட்டை வேற யாராவது பாத்தாங்களா?

— இல்ல. இந்தாங்க. அவிழ்த்துக் கொண்டு வந்திருக்கேன்.

— …மேஜை மேல வைக்காதே. கையிலேயே வெச்சுக்கோ.

— அண்ணி?

— இரு, யோசிக்கறேன். லாக் புக்ல என்ன எழுதியிருக்கு? அதைத்தானே கக்கத்துல வெச்சுக்கிட்டு மறந்துட்டேன் மறந்துட்டேங்கறே. காட்டு.

— இந்தப் பக்கம்.

— ‘காலை ஆறரை. ஆஸிலேட்டர் மாற்றம். ஸ்பேர், மேல் டைப்.’ எழுதியிருக்கே.

— ஆமா.

— அப்போ உன் மேல என்ன தப்பு? நீ மாத்தினே, எழுதினே. டேட்டாவைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி லாக்கைப் படிக்க வேண்டியது நான். படிக்கல. தப்பு என்னோடது. உன் வேலை முடிஞ்சுது. எழுந்து போ.

— போனா நீங்க என்ன பண்ணுவீங்க?

— அது என் பாடு.

— அனுப்புவீங்களா?

— எழுந்து போடான்னா.

— போக முடியல அண்ணி. அந்த வரியை… இந்தப் பக்கத்தை நல்லாப் பாருங்க. எல்லா வரியும் என்ன கலர்?

— கறுப்பு.

— அந்த வரி?

— குடு, கிட்ட வெச்சுப் பாக்கறேன்.

— நீலம். இதுல நூலால கட்டியிருந்த பேனா போன மாசம் தீர்ந்து போச்சு. புதுசு நான்தான் கட்டினேன். நீலப் பேனா. இந்தப் பக்கம் எழுதின காலத்துல கண்ட்ரோல் ரூம்லேயே நீலப் பேனா கிடையாது. ரெண்டு வரிக்கு நடுவுல இடம் இல்லாம பொடி எழுத்துல நுழைச்சிருக்கேன் பாருங்க. நேத்து சாயங்காலம், எல்லாரும் போனதுக்கப்புறம்.

— எதுக்கு?

— எழுதி வெச்சுட்டா தப்பு உங்களோடதாகும். எழுதாம விட்டா என்னோடது. நேத்து சாயங்காலம் அப்படித்தான் தோணுச்சு அண்ணி. நல்லா யோசிச்சு, நிதானமா, உங்க தலையில கட்டினேன். நீங்க சிபாரிசு பண்ணின வேலை. உங்க பேப்பர். நீங்கதான் எனக்கு இந்த வேலையை வாங்கிக் குடுத்தீங்க…

— வாங்கிக் குடுக்கல. நல்ல கை, பாருங்கன்னு சொன்னேன். அவங்க பாத்தாங்க.

— அந்த நல்ல கைதான் இதை எழுதுச்சு. வீட்டுக்குப் போனேன், சாப்பாடு இறங்கல. இன்னைக்கும் இறங்கல. இப்போ நீங்க ‘தப்பு என்னோடது’ன்னு டக்குனு சொன்னீங்க பாருங்க, ஒரு வார்த்தை என்னைத் திட்டாம… செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு.

— நீலமா கறுப்பான்னு யாருடா பாக்கப் போறாங்க?

— நான் பாத்துட்டேனே. நீங்க எதுக்கு அண்ணி முகத்தைத் திருப்பிக்கிறீங்க? திட்டிடுங்க. அண்ணன் மாதிரி நாலு வார்த்தை கேட்டுடுங்க.

— உன்னைத் திட்ட எனக்கு வாய் வரலடா. கொஞ்சம் சும்மா இரு.

— அழறீங்களா?

— ஆமா, அழறேன். அழக் கூடாதா? பதினொரு வருஷம். வருஷா வருஷம் டிசம்பர்ல ஒரு கடிதாசு வரும், ‘இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம்’னு. அதைப் பிரிக்காமலே ரெண்டு நாள் பையில வெச்சுக்கிட்டு சுத்துவேன். இந்தத் தடவை வந்த அன்னைக்கே பிரிச்சுடலாம்னு நினைச்சேன். நாளைக்கு அந்தக் கமிட்டி ‘நீ இங்கேயே இரு’ன்னு சொல்லியிருக்கும். ஒரு வருஷத்துக்கு இல்ல, எப்பவும். எனக்கு அந்த வேலை வேணும்டா. அவ்வளவு வேணும்.

— தெரியும் அண்ணி.

— உனக்குத் தெரியாது. எனக்கே இப்பத்தான் தெரியுது எவ்வளவு வேணும்னு.

— நான் டைரக்டர்கிட்ட போய் சொல்றேன். தப்பு மெஷின் பக்கத்துலன்னு சொன்னா உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

— சொல்ல மாட்டாங்க. ஆனா பேப்பர் போயிடும். ஏழு பக்கம் அழகான விளக்கமும் போயிடும்.

— அந்தச் சின்ன கேலக்ஸி பாவம்.

— என்ன பாவம்? அது பொறக்கவே இல்ல. உன் ஸ்பேர் பெத்துப் போட்டது, நான் பேர் வெச்சு வளர்த்தேன். இருபது வருஷமா எல்லாரும் ஒரு திசைங்கறாங்க, எனக்கு மட்டும் எதிர்த்திசை வருது. வேற ஒருத்தியா இருந்தா முதல்ல மெஷினைச் சந்தேகப்பட்டிருப்பா. நான் ஒரு கேலக்ஸியையே கூட்டிக்கிட்டு வந்து முழுங்க வெச்சேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேட்டிருக்கேன். நான் முழு கேலக்ஸியை மறைச்சவ.

— சிரிக்கிறீங்க.

— அழுது முடிஞ்சா சிரிப்பு வரும். டீயை எடு. ஆறினாலும் பரவாயில்ல, குடு.

— மணி மூணேகால் அண்ணி.

— தெரியுது. இப்படித் திரும்பு, ஸ்கிரீனைப் பாரு. இதான் உண்மையிலேயே வரவேண்டிய கிராஃப்.

— அட… மேடு இந்தப் பக்கம் வந்துடுச்சு.

— இடப்பக்கம். விநாடிக்கு நூத்து நாப்பது, உள் நோக்கி. வாயு மையத்துக்குள்ள விழுது. கீழ பாரு, வளையம். மத்த எல்லாத்தோடவும் ஒரே திசையில, சாதுவா, ஊரோட ஒத்துப் போகுது. ஒரு சண்டை இல்ல, சச்சரவு இல்ல.

— பாக்க நல்லாத்தான் இருக்கு.

— நல்லாத்தான் இருக்கு. நிஜமா இருக்கிறது எப்பவுமே கொஞ்சம் சாதுவாத்தான் இருக்கும். யோசிச்சுப் பாரு, நீயும் நானும் இங்க நாற்காலிக்கு நொண்டிக் கால் பாத்துக்கிட்டு இருக்கோம். அங்க அந்த வாயு அது பாட்டுக்கு விழுந்துக்கிட்டு இருக்கு. நான் தலைப்புல ‘வெளியே’ன்னு போட்டா அது ஒரு நிமிஷம் நிக்குமா?

— நிக்காது.

— நிக்காது. சரி, பத்திரிகைக்கு என்ன எழுதறதுன்னு சொல்லு.

— நானா?

— நீதானே கமிட்டி.

— ‘அளவெடுத்ததில் ஒரு தவறு. பேப்பரைத் திரும்பப் பெறுகிறோம். சரிசெய்து அனுப்புகிறோம்.’ இவ்வளவுதானே அண்ணி?

— பெறுகிறோம் இல்ல. பெறுகிறேன். என் பேர்தான் முதல்ல இருக்கு… எழுதியாச்சு. பாரு.

— அனுப்பாதீங்க, ஒரு நிமிஷம். எட்டு பேருக்கு இடம் சொல்லியிருக்காரே அண்ணன்…

— எட்டு பேருக்கும் பசிக்கும். சாப்பிட்டுட்டு வருவோம். …போயிடுச்சு.

— போயிடுச்சா?

— போயிடுச்சு. பட்டன் அமுக்கறதுக்குப் பத்து நாளா பயந்த… சே, ஒரு விநாடி வேலை. இப்போ நீ லாக்கை எடு. இன்னைக்குத் தேதி போடு. அந்த நீல வரியை அடிக்காதே, கிழிக்காதே. கீழ எழுது.

— என்ன எழுத?

— நடந்ததை. ஸ்பேர் மாட்டினேன், அன்னைக்கு எழுதல, மேல இருக்கிற நீல வரி நேத்து நுழைச்சது. கையெழுத்து.

— வேலை போயிடுமா அண்ணி?

— போகலாம். போகாமலும் இருக்கலாம். ஸ்பேர் மாட்டி மறந்ததுக்குப் போகாது, அது எல்லாருக்கும் நடக்கும். நீல வரிக்குப் போகலாம். நாளைக்குக் கமிட்டி முன்னாடி நான் எழுந்து நிக்கும்போது, இவன்தான் வந்து சொன்னான்னும் சொல்லுவேன். அதுக்கு மேல என் கையில இல்ல.

— அண்ணன்கிட்ட?

— நான் சொல்லட்டுமா?

— வேணாம். நானே சொல்றேன். சாயங்காலம், எட்டு பேருக்கு முன்னாடி.

— சாப்பாடு வந்ததுக்கப்புறம் சொல்லு. ஃபியூஸ் கதையை அவர் ஆரம்பிச்சா என் காலை மிதி, நான் பாத்துக்கறேன். எழுது.

— எழுதறேன்… ‘நேற்று நுழைத்தேன்’… கையெழுத்து. இந்தாங்க, முடிஞ்சுது. இந்தப் புது கிராஃபையும் ஒரு பிரிண்ட் எடுத்து இதுல ஒட்டிடலாமா? பின்னாடி பாக்கறவங்களுக்குப் புரியும்.

— வேணாம், அப்புறம் ஒட்டிக்கலாம். ஸ்கிரீனை மூடறேன்.

— ஒரு நிமிஷம் அண்ணி. நான் சொல்லி முழுசா ஒரு மணி நேரம் ஆகல. நாலு நாள் டேட்டாவையும் திருப்பி மறுபடி ஓட்டணும்னா ராத்திரி முழுக்க ஆகும்னு நீங்களே சொல்லுவீங்களே. இது எப்படி உடனே வந்துச்சு? மூலையில தேதி இருக்கு. இந்த மாசம் பதினாலு.

— அது தானா போட்டுக்கும். அழிக்க மறந்துட்டேன்.

— இன்னைக்கு இருபத்திநாலு அண்ணி.

— ஆமா.

— பத்து நாளைக்கு முன்னாடியே உங்களுக்கு… அப்போ, நானா வந்து சொல்றேனான்னு பாக்கத்தான் காத்துக்கிட்டு இருந்தீங்களா?

— அப்படிச் சொல்லிக்கிட்டா எனக்கு எவ்வளவு நல்லா இருக்கும் தெரியுமா? இல்லடா. ப்ரூஃபைப் படிக்கும்போதே சந்தேகம் வந்துச்சு, அன்னைக்கு ராத்திரியே திருப்பிப் போட்டுப் பாத்துட்டேன். ரெண்டு தடவை நாள் தள்ளிக் கேட்டது கமாவுக்கு இல்ல. உன் வேலை போயிடுமே, அதனாலதான் வாயைத் திறக்கலைன்னு எனக்கு நானே பத்து நாளா சொல்லிக்கிட்டேன். அதுவும் பொய். நீ கதவைத் தட்டினப்போ என் விரல் அந்தப் பட்டன் மேலதான் இருந்துச்சு. இன்னும் ஒரு நிமிஷம் கழிச்சு நீ வந்திருந்தா அனுப்பியிருப்பேன். பேனாவை இப்படிக் குடு, உன் வரிக்குக் கீழ இன்னும் இடம் இருக்கு.